பெறுமதியற்ற பாலமும் ஏழு பிள்ளைகளும்



யுத்தப் படம் என்றாலே நம்மில் பலருக்குப் பார்க்க மனம் வராது. கேட்ட குண்டுச் சத்தம் போதாதா என்று கேட்பீர்கள். அது நியாயமான கேள்விதான். ஆனாலும் இம்மாதம் ஒரு பழைய யுத்தப் படத்தைப் பற்றி உங்களுடன் பேச விரும்புகிறேன். அதில் வென்று வீடு திரும்பும் வீரர் ஒருவரும் இல்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களைப் பெற்ற தாய்மார் இருக்கிறார்கள்.

படத்தின் பெயர் 'பாலம்'. 1959ஆம் ஆண்டு ஜேர்மன் மொழியில் கறுப்பு வெள்ளைப் படமாக வெளிவந்தது. இயக்கியவர் பேர்ன்ஹார்ட் விக்கி. நாஸிகளின் ஆட்சியில் சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் மாதக்கணக்காக அடைபட்டுக் கிடந்தவர் அவர். மூலக்கதை, கிரெகோர் டோர்ப்மைஸ்டர் என்பவர் மன்பிரெட் கிரெகோர் என்ற புனைபெயரில் 1958இல் எழுதிய நாவல். 1945இல் அவருக்கு வயது 16. அந்த வயதில் அவரும் பாலம் ஒன்றைக் காக்க நிறுத்தப்பட்டவர். உயிர் தப்பிப் பத்திரிகையாளராக வாழ்ந்து 2018இல் காலமானார். ஆகவே இது முழுக்க முழுக்கக் கற்பனை அல்ல.

ஜேர்மனி தோற்றுக்கொண்டிருந்த நேரம் அது. படைக்கு ஆள் போதாமல், 16 வயது முதல் 60 வயது வரையான ஆண்கள் எல்லோரையும் மக்கள் படையில் சேர்க்கும்படி 1944 செப்டெம்பரில் ஹிட்லர் ஆணையிட்டார். படத்தில் வரும் சிறு பட்டணத்திலும் ஒரே வகுப்பில் படிக்கும் ஏழு பையன்களுக்கு அழைப்புக் கடிதம் வருகிறது. அவர்களுக்கோ பெரிய சந்தோஷம். வீட்டுக்கு வீடு ஓடிச் செய்தி சொல்கிறார்கள். ஒருநாள் பயிற்சிதான் கொடுக்கப்படுகிறது. அன்றிரவே அமெரிக்கப் படை நெருங்கிவிட்டதென்று அவசர அழைப்பு வருகிறது.

பிள்ளைகளின் ஆசிரியர், அவர்களை விட்டுவிடும்படி படை அதிகாரியிடம் போய்க் கெஞ்சுகிறார். அந்த அதிகாரியும் தன் மகனை யுத்தத்தில் பறிகொடுத்தவர்தான். அவர் தன்னால் இயன்ற ஓர் உபாயம் செய்கிறார். பட்டணத்துப் பாலத்தை எப்படியும் தங்கள் ஆட்களே தகர்க்கப் போகிறார்கள். அதற்குக் காவலாகப் பிள்ளைகளை வைத்தால் சண்டைக்குப் போகாமல் தப்புவார்கள் என்று நினைக்கிறார். அனுபவமுள்ள ஒரு சிப்பாயைப் பொறுப்பாகவும் அனுப்புகிறார். அந்தச் சிப்பாய் பட்டணத்துக்குள் போன இடத்தில், தப்பியோடுகிறவன் என்று சந்தேகித்துச் சொந்தப் படையின் பொலிசாரே சுட்டுவிடுகிறார்கள். பாலத்தில் நின்ற பிள்ளைகளுக்கு இது தெரியாது. பாலம் தகர்க்கப்படவிருக்கும் விஷயமும் தெரியாது. ஓர் அங்குல மண்ணையும் விடக்கூடாது என்று கேட்ட உரை மட்டும் அவர்கள் காதில் நிற்கிறது. வழியே வந்த ஒரு முதியவர் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லியும் அவர்கள் அசையவில்லை.

விடிந்ததும் விமானம் வருகிறது, தாங்கிகள் வருகின்றன. ஏழு பேரில் ஆறு பேர் இறந்துபோகிறார்கள்.

இந்தப் படத்தில் என் மனதை அதிகம் தைத்தது ஸிகி என்ற பையனின் கதை. ஏழு பேரிலும் சின்னவன். தாய் ஊராருக்கு உடுப்புத் தோய்த்துக் கொடுத்துப் பிழைக்கிறவள். எப்படியாவது மகனைக் கிராமத்து உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டுமென்று அவள் தவிக்கிறாள். அவன் மறுக்கிறான். மற்றப் பையன்கள் பகிடி பண்ணுவார்கள் என்பதுதான் காரணம். பிறகு பாலத்தில் விமானச் சத்தம் கேட்டு அவன் நிலத்தில் விழுந்து படுத்தபோது கூட்டாளிகள் சிரிக்கிறார்கள். அடுத்த முறை விமானம் வந்தபோது எல்லோரும் படுக்க, அவன் மட்டும் நிமிர்ந்து நிற்கிறான். முதலில் இறந்தவன் அவனே.

இன்னொரு காட்சியும் அப்படித்தான். எதிரில் நிற்பவர்கள் சிறுவர்கள் என்று கண்டுகொண்ட ஓர் அமெரிக்கச் சிப்பாய், சுடாதீர்கள், வீட்டுக்குப் போங்கள் என்று கத்துகிறான். பாலர் பள்ளிப் பிள்ளைகள் என்று அவன் சொன்னது ஒரு பையனுக்கு அவமானமாகிவிடுகிறது. சுட்டுவிடுகிறான். அந்தச் சிப்பாய் வயிற்றில் காயத்தோடு அலறி அலறிச் சாகிறான். அந்தப் பையனும் உயிரோடு மிஞ்சவில்லை.

அச்சம் என்பது பிள்ளையைக் காக்கும் குணம். நெருப்பைக் கண்டு கை பின்னுக்கு வருவது போன்றது அது. அந்த அச்சத்தை வெட்கப்பட வேண்டிய விஷயமாக்கிவிட்டால், பிள்ளையைச் சாவுக்கு அனுப்ப வேறொருவரும் தேவையில்லை. கோழை என்ற ஒரு சொல்லே போதும்.

வீரம் பேசிய பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் படம் காட்டுகிறது. ஒரு பையனின் தகப்பன் நாஸிக் கட்சியின் உள்ளூர்த் தலைவர். அவர் தன் மூட்டையைக் கட்டிக்கொண்டு தப்பியோட ஆயத்தமாகிறார்.

கடைசியில் அமெரிக்கர்கள் பின்வாங்க, இரண்டு பையன்கள் மிஞ்சுகிறார்கள். அப்போதுதான் பாலத்தைத் தகர்க்க ஜேர்மன் படையாட்கள் வந்து சேர்கிறார்கள். எதற்காகக் கூட்டாளிகள் செத்தார்கள் என்று பையன்கள் திகைத்து நிற்க, வந்தவர்கள் ஏளனம் செய்கிறார்கள். அந்தத் தகராற்றில் சொந்தப் படையின் சூட்டிலேயே மற்றவனும் விழ, அல்பேர்ட் என்ற ஒருவன் மட்டும் தள்ளாடித் தள்ளாடி வீடு நோக்கி நடக்கிறான். இது 1945 ஏப்ரல் 27இல் நடந்தது, எந்தப் படை அறிக்கையிலும் குறிப்பிடும் அளவுக்கு முக்கியமானதல்ல என்ற செய்தி திரையில் வருகிறது. படம் முடிகிறது. அடுத்த மூன்றாம் நாள் ஹிட்லர் தற்கொலை செய்துகொண்டார். பதினொராம் நாள், மே 8இல், ஜேர்மனி சரணடைந்தது. பதினொரு நாட்கள் பிள்ளைகளை ஒளித்து வைத்திருந்தால் போதுமாயிருந்தது.

அல்பேர்ட்டாக நடித்தவர் பிரிட்ஸ் வெப்பர். 1941இல் பிறந்தவர். அவருடைய தந்தை அதே யுத்தத்தில் காணாமற்போனவர். தகப்பனைக் கொண்டுபோன யுத்தத்தைப் பற்றிய படத்தில்தான் மகன் நடித்தார்.

எங்கள் மாதாந்த ஒன்றுகூடல் ஒன்றில் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினோம். மொழி புரியாதவர்களுக்கு இடையிடையே நான் கதை சொன்னேன். முடிந்த பின் நீண்ட நேரம் ஒருவரும் எழும்பவில்லை. பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா, அந்த உடுப்புத் தோய்க்கிற தாய்க்குப் போய்ச் சொன்னது யார் என்று கேட்டார். படத்தில் அது வரவில்லை. என்னிடமும் பதில் இல்லை. பக்கத்தில் இருந்தவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

சகோதரிகளே, நான் மறித்திருந்தால், அன்று வீட்டை விட்டு வெளியே விடாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பை நெஞ்சில் சுமக்கும் தாய்மார் நம்மிடையே எத்தனையோ பேர். சமைக்கும்போதும் படுக்கும்போதும் அதே நினைப்பு. அவர்களுக்காகவே இந்தப் படத்தைத் தேர்ந்தேன். ஸிகியின் தாய் மறித்தாள். தன்னால் இயன்ற வழியையும் தேடினாள். ஆனால் ஆணையிட்ட அரசு ஒரு பக்கம், மேடைப் பேச்சு ஒரு பக்கம், கூட்டாளிகளின் சிரிப்பு ஒரு பக்கம் இழுக்கும்போது ஒரு தாயின் இரண்டு கைகளால் எவ்வளவுதான் பிடிக்க முடியும்? ஒரு நாடே சேர்ந்து செய்த குற்றத்தை ஒரு தாயின் தலையில் இந்தப் படம் சுமத்தவில்லை. நாமும் நம்முடைய தலையில் சுமத்திக்கொள்ளத் தேவையில்லை. அழுகை வேறு, குற்றவுணர்வு வேறு. அழவேண்டிய அளவுக்கு அழுவோம். நம்முடையதல்லாத குற்றத்தை இறக்கி வைப்போம். தனியே இறக்க முடியாவிட்டால், நம்பிக்கையான ஒருத்தியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இன்று நம் வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்காகச் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கிறது. ஆண்பிள்ளை பயந்து வந்து நம் மடியில் ஒதுங்கினால் சிரிக்காதீர்கள். மற்றவர்கள் சிரிக்கவும் விடாதீர்கள். பயமாயிருக்கிறது என்று அவன் வெட்கமில்லாமல் சொல்லக்கூடிய இடம் ஒன்றாவது இருக்கட்டும். அது நம் வீடாக இருக்கட்டும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.