வந்தோர் சென்றபின் நின்றது எது?

ஓர் எளிய கேள்வியோடு தொடங்குகிறேன்.

இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன். கலைக் கல்லூரியிலே இளங்கலை முடித்தவன். வகுப்பறையில் ஒரு நாளும் ஆசிரியனாக நின்றறியாதவன். அவனை நம் ஊர்ப் பள்ளியிலே ஆசிரியனாக அமர்த்துவோமா? மாட்டோம்! “பட்டம் பெற்றாய், மகிழ்ச்சி. ஈராண்டு கல்வியியல் பயின்று வா, தகுதித் தேர்வு எழுதி வா, பிறகு பார்ப்போம்” என்போம். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். சொன்னது முறை, நானும் பயின்றேன், எழுதினேன், பிறகே வகுப்பறை வாயிலை மிதித்தேன்.

அதே வயது, அதே பட்டம், அதே அனுபவமின்மை. ஆனால் பிறந்த நாடு செல்வ நாடு! அந்த இளைஞன் வானூர்தி ஏறுகிறான். கடல் கடந்து ஓர் ஏழை நாட்டிலே இறங்குகிறான். இறங்கியதும் அவன் பெயர் மாறிவிடுகிறது! அவன் ஆசிரியன், அவன் வழிகாட்டி, அந்நாட்டு மக்களின் ‘திறனை வளர்க்க’ அரசு அனுப்பிய தொண்டன்! வானூர்தியிலே கழிந்த சில மணி நேரத்தில் அவனுக்கு வந்து சேர்ந்த திறன் எது? கடவுச்சீட்டின் நிறமா?

கேலிக்காகக் கேட்கவில்லை. கோடி கோடியாகக் கருவூலப் பணம் செலவாகும் ஒரு கொள்கையின் ஆணிவேரைத் தொட்டுப் பார்க்கவே கேட்கிறேன்.

வரலாற்றைச் சிறிது புரட்டுவோம். 1960 அக்டோபர் 14; பின்னிரவு இரண்டு மணி. குடியரசுத் தலைவர் தேர்தலிலே நின்ற கென்னடி, மிச்சிகன் பல்கலைக் கழக மாணவரிடையே பேசினார். மருத்துவராகப் போகிறவர்களில் எத்தனை பேர் கானா நாட்டிலே சென்று பணியாற்ற முன்வருவீர் எனக் கேட்டார். இளைஞர் உள்ளம் கிளர்ந்தது. வெற்றி பெற்ற கென்னடி 1961 மார்ச் முதல் நாளன்று ஆணை பிறப்பித்தார். அவ்வாண்டு செப்டம்பரில் சட்டமும் வந்தது. ‘பீஸ் கோர்’ எனும் அமைதிப் படை எழுந்தது. பிரிட்டனிலே அதற்கு முன்பே, 1958-இல், ‘வி.எஸ்.ஓ.’ என்ற தொண்டர் அமைப்பு தோன்றியிருந்தது. ஜப்பான் 1965-இல் தன் இளைஞரை அனுப்பத் தலைப்பட்டது. ஐக்கிய நாடுகள் அவையும் 1970-இல் தொண்டர் திட்டம் ஒன்றை நிறுவிற்று. அமெரிக்கப் படையில் மட்டும் இதுவரை 2,40,000-க்கும் மேற்பட்டோர், 140-க்கும் மேற்பட்ட நாடுகளில் பணியாற்றியிருக்கின்றனர்.

அந்தப் படைக்குச் சட்டம் வகுத்த நோக்கங்கள் மூன்று. ஒன்று, பயிற்சி பெற்ற ஆடவரும் பெண்டிரும் இன்றித் தவிக்கும் நாடுகளின் குறையைத் தீர்க்கத் துணை புரிவது. இரண்டு, அந்நாட்டு மக்கள் அமெரிக்கரைப் புரிந்துகொள்ளச் செய்வது. மூன்று, அமெரிக்கர் பிற நாட்டாரைப் புரிந்துகொள்ளச் செய்வது. பார்த்தீர்களா? மூன்றில் இரண்டு, ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வது! நல்லது, அறிந்துகொள்ளட்டும். அதைக் குறை கூறுவார் யார்? குறை கூறுவது முதல் நோக்கத்தையும் அதற்குத் தேர்ந்த வழியையும்தான். பயிற்சி பெற்றவர் இல்லையே என்பது ஏழை நாட்டின் ஏக்கம். அதற்கு விடையாக வந்தவரோ, பெரும்பாலும், மூன்று திங்கள் பயிற்சியோடு புறப்பட்ட பட்டதாரி இளைஞர்!

திறன் என்பது என்ன, அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகிறது என்பதை நான் ஏட்டிலே கற்கவில்லை. பணியேற்ற முதல் திங்கள். எட்டாம் வகுப்பு. நான் பேசுகிறேன், வகுப்பும் பேசுகிறது! மனம் உடைந்து ஆசிரியர் அறைக்கு வந்தேன். முப்பதாண்டு பணியாற்றிய மூத்த ஆசிரியை ஒருவர் அங்கே இருந்தார்.

“வகுப்பு அடங்கவில்லை அம்மா” என்றேன்.

“நீ பாடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய் தம்பி, பிள்ளைகளைப் பார்க்கவில்லை. நாளைக்கு என் வகுப்பிலே வந்து பின் வரிசையில் உட்கார்” என்றார்.

உட்கார்ந்தேன். ஒரு நாளல்ல, ஓராண்டு! எந்தப் பிள்ளை பசியோடு வருகிறது, எந்தப் பிள்ளையின் தந்தை குடிக்கிறார், எந்தப் பிள்ளைக்குக் கரும்பலகை எழுத்துத் தெரியவில்லை — இத்தனையும் அவருக்குத் தெரியும். தெரிந்தது எப்படி? அந்த ஊரிலேயே இருந்ததால்! அவரது கற்பிக்கும் திறன் என்னிடம் வந்தது எப்படி? அவர் போய்விடாமல் இருந்ததால்!

இதை நெஞ்சில் இருத்தி, ஆப்பிரிக்காவின் எத்தியோப்பியாவைப் பாருங்கள். 1962-இல் அங்கே ஏறத்தாழ 280 அமெரிக்கத் தொண்டர்கள் ஆசிரியராகச் சென்றனர். இடைநிலைப் பள்ளிகளில் பட்டம் பெற்ற ஆசிரியர் தொகை ஏறக்குறைய இரு மடங்காயிற்று! வியப்பூட்டும் கணக்குத்தான். ஆனால் கணக்கின் மறுபக்கம்? ஒருவரின் பணிக்காலம் ஈராண்டு. ஊரை அறிந்து, பிள்ளைகளை அறிந்து, கற்பிக்கும் கலை கைவரும் வேளையில் மூட்டை கட்ட வேண்டும்! அடுத்தவர் வருவார், அவரும் முதலிலிருந்து தொடங்குவார். திறன் வளர்ந்தது உண்மை, யாரிடம் வளர்ந்தது? வந்தவரிடம்! வளர்ந்த திறனைப் பெட்டியிலே வைத்துக்கொண்டு அவர் ஊர் திரும்பினார்.

தனியொருவர் கதை இது. படையின் கதை என்ன? 1974-இல் எத்தியோப்பியாவிலே புரட்சி. 1977-இல் படை வெளியேறிற்று. 1995-இல் மீண்டும் வந்தது. எரித்திரியாவோடு போர் மூண்டது. 1999-க்குள் மீண்டும் சென்றது. 2007-இல் மறுபடி வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது உலகெங்கும் இருந்த 7,000-க்கும் மேற்பட்ட தொண்டர்களும் சில நாட்களிலே தாயகம் அழைக்கப்பட்டனர். எத்தியோப்பியாவில் இருந்தோரும் சென்றனர். பிள்ளையின் உயிர் காக்கத் தாய்நாடு அழைத்தது, அதில் பிழையில்லை. ஆனால் நோய் வந்த நாளிலே நோயாளியின் அருகே நின்றவர் யார்? போக வேறு நாடு இல்லாத அவ்வூர்ச் செவிலி! பிள்ளைகளை மறுபடி பள்ளிக்கு அழைத்து வந்தவர் யார்? அவ்வூர் ஆசிரியர்!

அதே எத்தியோப்பியாவில், அதே காலத்தில், இன்னொன்றும் நடந்தது. 1964-இல் அந்நாட்டுப் பல்கலைக் கழகம் ஒரு விதி வகுத்தது: பட்டம் பெறுமுன் ஒவ்வொரு மாணவரும் ஓராண்டு நாட்டுப்புறத்திலே பணியாற்ற வேண்டும். அவருள் மிகப் பலர் ஆசிரியராகவே சென்றனர். “அவர்களும் பயிற்சியற்ற இளைஞர்தாமே? ஓராண்டுதானே இருந்தனர்?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. விடை இதுதான்: அவர்கள் கற்றது நாட்டை விட்டுப் போகவில்லை! ஊரிலே பிழை செய்து, பிழையால் தெளிந்து, திரும்பிய இடமும் அவர்கள் நாடே. நாளை அதிகாரியாவதும், ஆசிரியராவதும், அரசை எதிர்த்துக் கேட்பதும் அவர்களே. 1965-இல் தலைநகர்த் தெருவிலே, “உழுபவனுக்கே நிலம்” என்று முழங்கிய மாணவர் தலைமுறை அது! வெளிநாட்டுத் தொண்டன் அந்த முழக்கத்தை எழுப்ப முடியுமா? எழுப்பினால் மறுநாளே வானூர்தி ஏற வேண்டும். விருந்தினனுக்கு வீட்டுச் சண்டையில் வாய் இல்லை. வாயில்லாதவன் கற்றுத்தரும் திறன், வாயில்லாத திறனாகவே இருக்கும்!

“நல்லெண்ணத்தோடு வந்தவரைப் பழிப்பதா? அவர்களால் ஒரு நன்மையும் இல்லையா?” என்று சிலர் சினக்கலாம். உண்டு, மறைக்க மாட்டேன். 1971-இல் எத்தியோப்பியாவில் பெரியம்மை ஒழிப்புப் பணி தொடங்கிற்று. அமெரிக்கரும் ஜப்பானியருமான தொண்டர்கள், எத்தியோப்பியச் சுகாதாரப் பணியாளரோடு தோளுரசி, மலையேறி, ஆறு கடந்து, ஊர் ஊராக நோயைத் தேடினர். 1976-இல் அங்கே கடைசி நோயாளி. மறு ஆண்டு சோமாலியாவில். அதன்பின் இயற்கையாகப் பரவும் பெரியம்மை உலகில் எங்கும் இல்லை! அந்தத் தொண்டர்க்குத் தலை வணங்குகிறேன். ஆனால் அது வென்றது ஏன் என்று பாருங்கள். வேலை இன்னதென்று வரையறை இருந்தது. முடிவு எதுவென்று தெரிந்திருந்தது. அந்நாட்டுப் பணியாளரே பெருந்தொகையினர். வந்தவர் அவர்க்குத் துணை. வேலை முடிந்தது, தொண்டரும் போயினர். போனபின் எதுவும் இடிந்து விழவில்லை. இந்த நிபந்தனைகள் எங்கே உண்டோ, அங்கே தொண்டர் வரட்டும்; பூமாலையோடு வரவேற்போம்!

இவை இல்லாத இடத்திலே என்ன நேர்ந்தது? பிலிப்பைன்சைக் கேளுங்கள். 1961 முதல் நூற்றுக்கணக்கான தொண்டர்கள் அந்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே வகுப்புக்கு வகுப்பு உள்ளூர் ஆசிரியர் இருந்தனர். வந்தவருக்கு என்ன வேலை? ‘ஆசிரியர்க்குத் துணைவர்’ என்று ஒரு பெயர் சூட்டினர். எங்களுக்கென்று ஒரு வேலை இல்லையே என்று தொண்டர்களே நொந்துகொண்டனர்! அனுப்புவோரிடம் ஆள் இருந்தது. ஆகவே பெறுவோரிடம் தேவை இருந்தாக வேண்டும் என்று முடிவாயிற்று. மருந்து கையில் இருக்கிறது என்பதற்காக நோயைத் தேடும் மருத்துவம் இது!

இன்னொன்று கேட்கிறேன். கற்றுக்கொடுப்பது ஒரு பக்கம் மட்டும் பாயும் ஆறா? 1967-இல் அமெரிக்காவிலேயே சிலருக்கு நல்ல எண்ணம் ஒன்று உதித்தது. ஆசிய, ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாட்டு இளைஞரை வரவழைத்து, அமெரிக்க ஏழைகளிடையே தொண்டாற்றச் செய்யும் சிறு திட்டம் தொடங்கினர். நீடித்ததா? இல்லை! நாடாளுமன்றம் பணம் தர மறுத்தது. சில ஆண்டுகளில் விளக்கு அணைந்தது. நாம் உனக்குக் கற்பிக்கலாம், நீ எமக்குக் கற்பிப்பதா? வாயால் சொல்லவில்லை, வரவு செலவுக் கணக்கால் சொன்னார்கள். சமமாக அமர இடம் தராத பந்தியிலே அன்புக்கு என்ன பெயர்?

மாற முடியாதா? முடியும். பிரிட்டனின் வி.எஸ்.ஓ. முதலில் அனுப்பியது பள்ளிப் படிப்பை முடித்த பதினெட்டு வயதுப் பிள்ளைகளை! பின்பு பட்டதாரிகளை அனுப்பிற்று; பிறகு தொழிலிலே பழுத்தவர்களை; அதன்பின் கென்யாவிலும் பிலிப்பைன்சிலும் தொண்டர்களைத் திரட்டி வேறு ஏழை நாடுகளுக்கு அனுப்பத் தொடங்கிற்று; இன்று அந்தந்த ஊராரையே தொண்டராக்குகிறது. நான் சொல்லும் குறையை, அனுப்பியவர்களே பட்டறிந்து ஒப்புக்கொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னும் ஓர் ஆபத்து உண்டு. ஈராண்டுக்கொரு முறை இலவசமாக ஆசிரியர் வருவாரானால், எந்த அரசு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி கட்டும்? எந்த அமைச்சர் உள்ளூர் ஆசிரியர்க்கு உரிய ஊதியம் தருவார்? வந்தவர் நிரப்பிய நாற்காலி, உள்ளூரான் அமராத நாற்காலியாகவே இருந்துவிடும். அனுப்பும் நாட்டின் மனம் மாறும் நாளில் என்ன ஆகும்? 2025-இல் அமெரிக்க அரசு தன் பன்னாட்டு வளர்ச்சி முகமையையே கலைத்தது. ஆப்பிரிக்காவிலே மருந்தகக் கதவுகள் சாத்தப்பட்டன. ஒரு நாட்டுத் தேர்தல், இன்னொரு நாட்டு நோயாளியின் மருந்தை நிறுத்திற்று! பிறர் தயவிலே நிற்பது திறன் அன்று. தவணை முறையில் வரும் தளர்ச்சி.

ஆகவே, அனுப்பும் அரசுகளிடமும் அழைக்கும் அரசுகளிடமும் கேட்க வேண்டியவை நான்கு. எவரை, எந்த வேலைக்கு அழைப்பது என்பதை அந்த ஊர்ப் பள்ளியும் மருத்துவமனையும் முடிவு செய்யட்டும். வருகிற ஒவ்வொருவருக்கும் இணையாக, அந்த ஊரிலேயே தங்கப்போகும் ஒருவர், முறையான ஊதியத்தோடு, முதல் நாளிலிருந்து உடன் நிற்கட்டும். வேலை முடியும் நாள் எது என்பது தொடங்கும் நாளிலேயே எழுதப்படட்டும். எத்தனை பேர் சென்றனர் என்று எண்ணுவதை விட்டு, அவர்கள் திரும்பி ஐந்தாண்டு கழித்து என்ன நிற்கிறது என்று எண்ணட்டும். இந்த நான்குக்கும் ஒப்பாத தொண்டு, இளைஞர்க்கு அரசு செலவில் ஊர் சுற்றும் பேறு. அதை அப்படியே சொல்லிச் செய்யட்டும். ‘திறன் வளர்ப்பு’ என்று பெயர் சூட்ட வேண்டாம்!

எனக்கு வகுப்பறையைக் கற்பித்த அந்த ஆசிரியை சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். இவ்வாண்டு புதிதாக வந்த ஆசிரியை ஒருவர், எட்டாம் வகுப்பு அடங்கவில்லையே என்று கலங்கி நின்றார். நாளைக்கு என் வகுப்பிலே வந்து பின் வரிசையில் உட்காருங்கள் என்றேன்.

வந்தோர் சென்றபின் நிற்பது இதுதான். எத்தியோப்பிய ஊர்ப்பள்ளியிலும் நிற்க வேண்டியது இதுவே!