கம்ப்யூட்டர் வாங்குவது வேறு, வேலையை மாற்றுவது வேறு

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் செய்யும் வேலை பெரும்பாலும் ஒன்றுதான். வீட்டுக் கணக்கை எக்ஸெலில் எழுதத் தொடங்குவார்கள். இரண்டாவது மாதம் போய்ப் பார்த்தால் பால் கணக்கு பழையபடி சமையலறைக் காலண்டரில்தான் இருக்கும். எக்ஸெல் ஃபைல் டெஸ்க்டாப்பில் தூங்கிக்கொண்டிருக்கும். பெரிய கம்பெனிகளிலும் இதேதான் நடக்கிறது. என்ன, அங்கே செலவு கோடிகளில்!

இந்த வேலையைக் கவனிக்கவே கம்பெனிகளில் ஒரு பதவி இருக்கிறது. சி.ஐ.ஓ. என்பார்கள், அதாவது தலைமைத் தகவல் அதிகாரி. சி.டி.ஓ. என்று தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியும் இருப்பார். பொதுவாக முன்னவர் கம்பெனிக்குள் ஓடும் சாஃப்ட்வேர், சர்வர், நெட்வொர்க் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. பின்னவர் கம்பெனி விற்கும் பொருளில் உள்ள தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பு. இரண்டையும் ஒருவரே பார்க்கும் இடங்களும் உண்டு. இவர்கள் பேசும் மேடைகளில் எல்லாம் 'டிஜிட்டல் ட்ரான்ஸ்ஃபர்மேஷன்' என்ற சொல் தவறாமல் வரும். தொழிலையே மாற்றியமைக்கப் போகிறோம் என்பது அதன் பொருள்.

சாஃப்ட்வேர் எழுதிச் சம்பாதிப்பவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். புதிய சாஃப்ட்வேர் வாங்குவது இந்த அதிகாரியின் வேலையில் சிறிய பங்குதான். எந்தப் பழைய வேலையை நிறுத்துவது என்று முடிவெடுத்து, அதை உண்மையிலேயே நிறுத்த வைப்பதுதான் பெரிய பங்கு. அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். இது புரிய ரயில் டிக்கெட்டை விட நல்ல உதாரணம் கிடையாது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் அடுத்த வாரமே யாராவது அதில் டிக்கெட் பதிவு செய்யச் சொல்லிக் கேட்டிருப்பார்களே!

கூரியரில் வந்த இன்டர்நெட் டிக்கெட்

1980-களின் நடுப்பகுதி வரை முன்பதிவு என்றால் பேரேடுதான். ஒவ்வொரு ரயிலுக்கும் தேதிவாரியாகப் பக்கங்கள். இந்த ரயிலுக்கு இந்தக் கவுண்ட்டர் என்று தனித்தனி வரிசை. போகவும் வரவும் பதிவு செய்ய வேண்டுமானால் பாதி நாள் போய்விடும். 1985-ல் டெல்லியில் முன்னோட்டமாகக் கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்கியது. அந்த சாஃப்ட்வேரை உருவாக்கியது அன்றைய பொதுத்துறை நிறுவனமான சி.எம்.சி. மறு ஆண்டே, 1986-ல், ரயில்வேக்கு என்றே கிரிஸ் என்ற தனி அமைப்பு ஏற்பட்டது. முன்பதிவு மையங்கள் ஊருக்கு ஊர் தனித்தீவுகளாக இருந்தன. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999-ல் ஒன்றோடொன்று இணைந்து முடிந்தன. எந்த ஊர்க் கவுண்ட்டரிலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட் எடுக்கலாம் என்ற நிலை அப்போதுதான் முழுமையாக வந்தது.

2002 ஆகஸ்ட்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இன்டர்நெட் முன்பதிவைத் தொடங்கியது. வீட்டில் உட்கார்ந்தபடி ரயிலைத் தேடலாம், கிரெடிட் கார்டில் பணம் கட்டலாம், பி.என்.ஆர். எண்ணும் கிடைத்துவிடும். ஆனால் டிக்கெட்? அதை அவர்கள் அச்சடித்து கூரியரில் அனுப்புவார்கள்! கூரியர்காரர் வருவதற்கு இடம் விட்டு, பயணத்துக்குச் சில நாள் முன்பே பதிவு செய்தாக வேண்டும். பெயர் இன்டர்நெட் டிக்கெட். பயணம் செய்தது என்னவோ காகிதம்தான்.

2005-ல் இ-டிக்கெட் வந்தது. வீட்டு ப்ரிண்டரில் சாதாரணத் தாளில் அச்சடித்துக்கொண்டு, அடையாள அட்டையோடு போனால் போதும். 2012-ல் அந்தத் தாளும் தேவையில்லை, மொபைலுக்கு வந்த எஸ்.எம்.எஸ்.ஸைக் காட்டினால் போதும் என்றார்கள்.

இந்த மூன்று கட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பி.என்.ஆர். 2002-லும் இருந்தது. பயணி பெயர், வயது, பெர்த் எண் எல்லாம் அன்றும் கம்ப்யூட்டரில் இருந்தன. டி.டி.இ. கையில் இருந்த சார்ட்டிலும் அவை அச்சாகியிருந்தன. அப்படியானால் 2005-ல் புதிதாக என்னதான் வந்தது? ஒரு விதி வந்தது. 'சார்ட்டில் பெயர் இருக்கிறதா, அடையாள அட்டையில் உள்ள ஆள் இவர்தானா என்று பார். தாள் எங்கே அச்சானது என்று பார்க்காதே' என்று டி.டி.இ.க்குச் சொல்லும் விதி. டிக்கெட் என்பது காகிதம் என்ற எண்ணத்தை விட்டு, டிக்கெட் என்பது கம்ப்யூட்டரில் உள்ள ஒரு பதிவு என்று ஒரு பெரிய நிறுவனம் ஒப்புக்கொண்டது அப்போதுதான். ப்ரோக்ராம் எழுதுவதை விட அந்த ஒப்புதலைப் பெறுவதுதான் கடினம் என்பேன். கணக்குத் துறை, பாதுகாப்புத் துறை, பரிசோதகர்கள் என்று எத்தனை பேருடைய பழக்கம் அதில் மாற வேண்டும்!

அந்த விதி எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றுபோன இ-டிக்கெட், சார்ட் தயாரானதும் தானாக ரத்தாகிப் பணம் கணக்குக்குத் திரும்பிவிடும். கவுண்ட்டரில் வாங்கிய டிக்கெட்டை நாம்தான் ரத்து செய்து பணம் வாங்க வேண்டும். காகிதம் கையில் இருக்கும்வரை கம்ப்யூட்டரால் தானாக முடிவெடுக்க முடியாது.

தட்கல் கதையும் இதே வகைதான். காலையில் அந்தத் தளம் திணறுவது பழைய புகார். 2014-ல் புதிய அமைப்பு வந்தபோது நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறன் 7,200 ஆக உயர்ந்தது. இது சர்வர் வேலை. 2015-ல் ஏ.சி. வகுப்புக்கான தட்கல் 10 மணிக்கு, மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கு என்று பிரித்தார்கள். இது விதி வேலை. ஒரே நிமிடத்தில் வந்து விழும் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. இதற்குப் பெரிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த கணக்கு வைத்திருப்பவர்களே தட்கலை இணையத்தில் எடுக்க முடியும் என்றதும் விதிதான். இதனால் எல்லோருக்கும் டிக்கெட் கிடைத்துவிடுமா என்றால், கிடைக்காது. பெர்த் எண்ணிக்கையை எந்த சர்வரும் கூட்டித் தராது.

குடோனில் கிடந்த நீளநோட்டு

நான் வேலை பார்த்த ஒரு ப்ராஜெக்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பெனியின் பெயர் வேண்டாம். குடோனில் சரக்கு வரவு வைக்கும் சாஃப்ட்வேர். பார்கோடு ஸ்கேனர் எல்லாம் கொடுத்தாயிற்று. பயிற்சியும் முடிந்தது. ஆனால் கம்ப்யூட்டரில் உள்ள சரக்கு எண்ணிக்கையும் குடோனில் உள்ள எண்ணிக்கையும் ஒரு நாளும் ஒத்துப்போகவில்லை. குடோன் மேற்பார்வையாளர் ஒரு நீளநோட்டில் தனியாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 'இவர்கள் மாற மாட்டார்கள்' என்று மீட்டிங்கில் எல்லோரும் அவர் தலையில் பழியைப் போட்டார்கள்.

அந்தக் கம்பெனியின் சி.ஐ.ஓ. மட்டும் மீட்டிங்கில் எதுவும் பேசவில்லை. இரண்டு நாள் குடோனில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். விஷயம் வெளியே வந்தது. லாரி சரக்கோடு வந்துவிடும், பில் இரண்டு நாள் கழித்துத்தான் வரும். பில் எண்ணைப் போடாமல் சாஃப்ட்வேர் சரக்கை உள்ளே விடாது. சரக்கை லாரியிலேயே வைத்திருக்க முடியுமா? இறக்கி ஓரமாக அடுக்கி, நோட்டில் எழுதி வைப்பார் மேற்பார்வையாளர். அந்த நோட்டு இல்லாவிட்டால் குடோனே ஓடாது என்பதுதான் உண்மை. 'பில் வராத சரக்கு' என்று ஒரு நிலையை சாஃப்ட்வேரில் சேர்க்கச் சொன்னார் சி.ஐ.ஓ. எங்களுக்கு நாலு நாள் வேலை. அடுத்த மாதக் கடைசியில் அந்த நோட்டு பரணுக்குப் போய்விட்டது.

புதுமை என்ற சொல்லை மேடையில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த பிளாஸ்டிக் நாற்காலிதான் நினைவுக்கு வருகிறது. எல்லா சி.ஐ.ஓ.க்களுக்கும் இப்படி உட்கார நேரம் கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல கம்பெனிகளில் அவர் நிதித் துறைத் தலைவருக்குக் கீழே இருப்பார். அங்கே எந்தத் திட்டமும் செலவுக் கணக்காகத்தான் பார்க்கப்படும். நாற்காலி போட அனுமதி கேட்டால் அதற்கும் வவுச்சர் கேட்பார்கள்.

வேலை போய்விடுமோ என்ற பயத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் நாட்டு வங்கிகளில் கம்ப்யூட்டர் நுழைவதற்கு 1983-ல் ஊழியர் சங்கங்களுடன் ஒப்பந்தமே போட வேண்டியிருந்தது. எத்தனை இயந்திரம், எதற்கு என்றெல்லாம் பேசித்தான் உள்ளே விட்டார்கள். கிளைகளுக்கு ஆரம்பத்தில் வந்தவற்றுக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின் என்றே பெயர். இன்று அதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆளோடு பேசிவிட்டு இயந்திரத்தை வைத்த அந்த முறையில் சிரிக்க எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

'தயார்' என்றால் யார் சொன்னது?

இதுவரை சொன்னது மாற்றத்தின் ஒரு பக்கம். மாற்றம் நடக்கும் அந்த ஒரு நாள் இருக்கிறதே, அதுதான் வயிற்றைக் கலக்கும் பக்கம். பிரிட்டனில் டி.எஸ்.பி. என்ற வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் பழைய கம்ப்யூட்டர் அமைப்பிலிருந்து புதியதற்கு மாற்றியது. திங்கட்கிழமை லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. 19 லட்சம் பேர் வரை வெளியே நின்றதாகச் செய்திகள் வந்தன. சம்பளம், வாடகை, கடன் தவணை எல்லாம் அதற்குள்தான் இருந்தன. முழுவதும் சீராக டிசம்பர் ஆகிவிட்டது. வங்கி நியமித்த சட்ட நிறுவனம் 2019-ல் கொடுத்த அறிக்கையில் ஒரு விஷயம் என்னை உலுக்கியது. இரண்டு டேட்டா சென்டர்களில் ஒன்றில்தான் முழுப் பாரத்தையும் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

2022-ல் வங்கிக்கு 4.86 கோடி பவுண்டு அபராதம். 2023-ல் அப்போதைய தலைமைத் தகவல் அதிகாரிக்கும் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம் விதித்தது ஒழுங்குமுறை அமைப்பு. வேலையைச் செய்து கொடுத்த நிறுவனம் உண்மையிலேயே தயாரா என்பதை அவர் போதிய அளவு உறுதி செய்துகொள்ளவில்லை என்பதே குற்றச்சாட்டு. அவர்கள் 'தயார்' என்றால் போதாது, நீ பார்த்தாயா என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி என்பதே என் எண்ணம்.

நம் ஊரிலும் ரிசர்வ் வங்கி இந்த விஷயத்தில் கை கட்டி நிற்கவில்லை. அடிக்கடி சேவை முடங்கியதால், 2020 டிசம்பரில் எச்.டி.எஃப்.சி. வங்கியைப் புதிய டிஜிட்டல் திட்டங்களையும் புதிய கிரெடிட் கார்டுகளையும் நிறுத்தி வைக்கச் சொன்னது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் முக்கிய டேட்டா சென்டரில் மின்சாரம் தடைப்பட்டு சேவை நின்றிருந்தது. தடை முழுவதும் நீங்கியது 2022 மார்ச்சில். புதிய மாடி கட்டுவதை நிறுத்து, முதலில் அஸ்திவாரத்தைப் பார் என்பதுதான் அந்த உத்தரவு.

இப்போது ஏ.ஐ. காலம். புகார் சொல்ல போன் நம்பரைத் தேடினால் ஒரு பொம்மை வந்து 'உங்களுக்கு எப்படி உதவட்டும்?' என்கிறது. கனடாவில் ஏர் கனடாவின் தளத்தில் இருந்த சாட்பாட் ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் சொல்லிவிட்டது. அது சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று கம்பெனி வாதாடியது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்காமல், இழப்பீடு கொடுக்கச் சொல்லிவிட்டது. பொம்மையை வைத்தவர் யாரோ அவரே பதில் சொல்ல வேண்டும்!

இதெல்லாம் கோடி புழங்கும் இடத்துக்கு, எனக்கு எதற்கு என்று நினைக்கிறீர்களா? புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரை உங்கள் கடையில் பில் போட வைக்கப் போகிறீர்கள் என்றால், அந்தக் கடைக்கு நீங்கள்தான் சி.ஐ.ஓ. சாஃப்ட்வேர் எது என்று தேடும் முன், இப்போது பில் போடும் பையனின் பக்கத்தில் ஒரு நாள் உட்காருங்கள். கடன் சொல்லிப் போகிறவர், பாதிப் பணம் கொடுப்பவர், நேற்று வாங்கியதைத் திருப்பித் தருபவர் இவர்களையெல்லாம் அவன் எங்கே எழுதுகிறான் என்று பாருங்கள். விற்க வருபவரிடம் அந்த மூன்றையும் உங்கள் கண்ணெதிரே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தினமும் இரவு பேக்கப் எடுப்பதோடு, எடுத்ததை மாதம் ஒரு முறை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பாருங்கள். ஒரு மாதம் நோட்டும் கம்ப்யூட்டரும் சேர்ந்தே ஓடட்டும். நோட்டை மூடும் தேதியை மட்டும் முதல் நாளே காலண்டரில் குறித்துவிடுங்கள். பொங்கல், தீபாவளி வாரமாக அது இருக்க வேண்டாம்.