கேட்டு எடுத்தால் என்ன?

வெளிநாடு போகிறவர்கள் காமிராவும் கையுமாகத்தான் போகிறார்கள். கோவிலை எடுக்கிறார்கள், தெருவில் போகும் ஆட்களையும் எடுக்கிறார்கள். தவறு இல்லை. ஓர் ஊரின் உயிர் அதன் தெருவில்தான் இருக்கிறது. ஆனால், எதற்கும் ஓர் எல்லை உண்டு!

ஜப்பானில், கியோட்டோ நகரில், கியோன் என்ற பகுதி இருக்கிறது. அங்கே "மைக்கோ" எனப்படும் இளம்பெண்கள் ஆடல் பாடல் பயில்கிறார்கள். முகத்தில் வெள்ளைப் பூச்சு; உடலில் பட்டுக் கிமோனோ; காலில் உயரமான மரச் செருப்பு. மாலையில், விருந்துகளில் ஆடுவதற்காக நடந்து போவார்கள். அது அவர்கள் வேலைக்குப் போகும் நேரம்.

காமிராக்காரர்கள் விட்டார்களா? வழி மறித்தார்கள்; துரத்தினார்கள். உடையைப் பிடித்து இழுத்தவர்களும் உண்டு!

அங்கு குடியிருப்பவர்கள் பொறுத்துப் பார்த்தார்கள். தனியாருக்குச் சொந்தமான சந்துகளில் படம் எடுத்தால் 10 ஆயிரம் யென் அபராதம் என்று 2019-ல் பலகை வைத்தார்கள். 2024-ல் அந்தச் சந்துகளில் சுற்றுலாப் பயணிகள் நுழையவே தடை வந்தது. சிலர் செய்த தவறு. எல்லோருக்கும் வழி அடைத்தது!

"கேட்டு எடுத்தால் படத்தில் இயல்பு இருக்காது" என்பார்கள் சிலர். துரத்தி எடுத்தால் மட்டும் இருக்குமா? அதில் இருப்பது பயந்த முகம்தான்!

மொழி தெரியாவிட்டாலும் அனுமதி கேட்கலாம். காமிராவைக் காட்டிச் சிரித்தால் போதும். சம்மதித்தால் எடுக்கலாம். மறுத்தால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர வேண்டும்.

காமிரா பயணியுடையது. முகம் அவருடையது அல்ல!