உங்க ஊர் பட்ஜெட்டை பாஸ் பண்ணது யாரு தெரியுமா? நீங்கதான்!

பிப்ரவரி 1-ம் தேதி வந்தா போதும். ஹாஸ்டல் டி.வி. முன்னால ஒரு கூட்டம். கார் விலை கூடுமா, மொபைல் விலை குறையுமா, வருமான வரி வரம்பு என்ன ஆச்சுன்னு சம்பளமே வாங்காத பசங்க எல்லாம் ஆவேசமா விவாதிப்பாங்க. தப்பில்லை, நாட்டு நடப்பு தெரியணும். ஆனா அந்த பட்ஜெட்டுக்கு ஆதரவாவோ எதிராவோ கை தூக்க உங்களுக்கு உரிமை கிடையாது. அது எம்.பி.க்களோட வேலை.

உங்களை நேர்ல கூப்பிட்டு, “இதுக்கு ஒப்புதல் கொடுக்கிறீங்களா?”ன்னு கேட்கிற ஒரே ஒரு பட்ஜெட்தான் இந்த நாட்டுல இருக்கு. அதுக்கு மட்டும் நாம போறதே இல்லை!

எதைச் சொல்றேன்னு புரிஞ்சிருக்கும். கிராம சபை. காரைக்குடியில படிச்சுக்கிட்டு லீவுக்கு நாச்சியாபுரம், குன்றக்குடி, கல்லல்னு ஊருக்குப் போகிற நண்பர்களுக்குத்தான் இந்த வாரம் ஸ்பெஷல் கவனிப்பு. காரணம் இருக்கு.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது 1994-ல். அதன்படி ஊராட்சியோட ஆண்டுத் திட்டமும் வரவு செலவுத் திட்டமும் கிராம சபையின் ஒப்புதலுக்கு வரணும். தணிக்கை அறிக்கையும் அங்கேதான் வரணும். கிராம சபைன்னா தலைவரும் வார்டு உறுப்பினர்களும் இல்லை. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற எல்லாரும்! 18 வயசு முடிஞ்சு பட்டியல்ல பேர் ஏறிடுச்சுன்னா, ஆயுசுக்கும் நீங்க அதுல மெம்பர். சந்தா கிடையாது, ராஜினாமாவும் பண்ண முடியாது.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2... இந்த நாலு நாள்தான் ரொம்ப காலமா வழக்கம். 2022-ல் வந்த அறிவிப்போடு உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ம், உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1-ம் சேர்ந்து வருஷத்துக்கு ஆறாச்சு. மக்கள்தொகை 500 வரைக்கும்னா குறைஞ்சது 50 பேர் வரணும். 3,000 வரைக்கும் 100 பேர், 10,000 வரைக்கும் 200 பேர், அதுக்கு மேல 300 பேர். இந்த கோரம் இல்லைன்னா கூட்டமே செல்லாது.

இப்ப நம்ம பக்கத்துக் கதைக்கு வருவோம். கணக்குன்னா செட்டிநாடு, செட்டிநாடுன்னா கணக்கு. பர்மாவுல, மலேயாவுல, இலங்கையில கடை போட்டவங்க, காரைக்குடிப் பக்கத்து வீட்டுல உட்கார்ந்து கடல் தாண்டியிருக்கிற பெட்டியடிக் கணக்கைச் சரி பார்த்த பூமி இது. கல்யாணத்துக்குக் கொடுத்த சாமான்ல ஒரு கரண்டி விடாம பட்டியல் எழுதி வைக்கிற ஊருங்க! நாச்சியாபுரமும் அந்த நகரத்தார் ஊர்களோட வரிசையில வர்றதுதான். கோயில் செலவுக்குப் ‘புள்ளி வரி’ன்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க. கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவுன்னு வரி போட்டு, காரியக்காரர்கள் செலவு பண்ணி, கூட்டத்துல கணக்கை வைப்பாங்க. சிங்கப்பூர்ல இருக்கிறவர்கூட அந்தக் கணக்குல எட்டணா இடிச்சா போன் போட்டுக் கேட்பார்.

அதே ஊர்ல, அதே தெருவுல, ஊராட்சி அலுவலகத்துல வருஷம் பூரா லட்சக்கணக்குல பணம் வருது, போகுது. அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

ரெண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு, அதையும் சொல்லிடணும். புள்ளி வரிக் கணக்கு ஒரு சமூகத்தோட கணக்கு. அதுல புள்ளியா இல்லாதவங்களுக்கு அங்கே பேச்சில்லை. ஊராட்சிக் கணக்கு அப்படி இல்லை. ரெண்டு தெருவுக்கு நீளுற பங்களாவோட சொந்தக்காரரும், அந்த பங்களாவுக்குக் காவல் இருக்கிறவரும், ஊருணிக்கு அந்தாண்ட காலனியில இருக்கிறவங்களும் ஆளுக்கு ஒரு கை. சென்னையிலயே செட்டில் ஆகி, வாக்காளர் பட்டியலையும் அங்கேயே மாத்திக்கிட்ட முதலாளிக்கு இங்கே கையே கிடையாது. காவலாளிக்கு உண்டு. எனக்கு இந்தச் சட்டத்துல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான்.

சரி, அந்த பட்ஜெட்டுல அப்படி என்னதான் இருக்கு?

வரவுல வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், ஏல வருமானம்னு ஊர்லயே கிடைக்கிற பணம் ஒரு பக்கம். மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம், திட்டப் பணம்னு மேல இருந்து வர்றது இன்னொரு பக்கம். செலவுல முதல் ஆளா வந்து நிக்கிறது கரண்ட் பில்! தெரு விளக்கு, போர் மோட்டார், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணி ஏத்துறது... எல்லாம் அதுல அடக்கம். அப்புறம் கூட்டுக் குடிநீருக்குக் கட்ட வேண்டிய தொகை, தூய்மைக் காவலர், டேங்க் ஆபரேட்டர் சம்பளம், பைப் உடைஞ்சா ரிப்பேர். இதெல்லாம் போக மிச்சம் இருக்கிறதுலதான் ரோடு, வடிகால், ஊருணி தூர்வாரல், சுடுகாட்டுப் பாதை.

அந்த மிச்சத்துலயும் ஒரு முடிச்சு. 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கும் கொடுத்த மானியத்தை எடுத்துக்குவோம். அதுல 60 சதவீதத்தைத் தண்ணிக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான் செலவு பண்ணலாம்னு கட்டிப் போட்டிருந்தாங்க. மீதி 40 சதவீதம் ஊரோட தேவைக்கு. அதையும் சம்பளத்துக்கோ அலுவலகச் செலவுக்கோ தொடக் கூடாது. ஒரு பேச்சுக்கு ஊருக்கு 10 லட்ச ரூபாய் வந்தா, ஊர் உட்கார்ந்து முடிவு பண்றது 4 லட்சம். “நாலு லட்சத்துக்கா இவ்வளவு பில்டப்பு?”ன்னு சிரிக்காதீங்க. சிமென்ட் ரோடு எந்தத் தெருவுல ஆரம்பிச்சு எந்தத் தெருவுல நிக்குதுங்கிறது அந்த நாலு லட்சத்துல இருக்கு. நம்ம பக்கம் பல ஊர்ல ரோடு எங்கே நிக்கும்னு உங்களுக்கே தெரியும். ஊருக்கும் காலனிக்கும் நடுவுல.

இதனாலதான் இந்தச் சின்ன பட்ஜெட்டுக்காக உயிரே போயிருக்கு. நம்ம திருப்பத்தூரைத் தாண்டினா மேலூர். அதுக்குப் பக்கத்துல மேலவளவு. 1996-ல் அந்த ஊராட்சியின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவங்களுக்குன்னு ஒதுக்கப்பட்டது. எதிர்ப்பையும் மீறி ஜெயிச்சு வந்த தலைவர் முருகேசனும் அவரோட இருந்தவங்களும் 1997 ஜூன் 30-ம் தேதி பஸ்ஸை மறிச்சு வெட்டிக் கொல்லப்பட்டாங்க. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல்... இந்த நாலு ஊர்லயும் அதே ஒதுக்கீட்டை ஏத்துக்காம 10 வருஷம் முறையான தேர்தலையே நடக்க விடலை. 2006-லதான் நடந்தது. 2021 அக்டோபர் 2 கிராம சபைக்கு முதல்வர் ஸ்டாலின் பாப்பாபட்டிக்கே போய் உட்கார்ந்ததுக்குப் பின்னால இந்த வரலாறு இருக்கு.

வெட்டுக் குத்து இல்லாமலும் ஒரு தலைவரை முடக்கலாம். ஊராட்சிக் காசோலையில தலைவர், துணைத்தலைவர் ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். துணைத்தலைவர் பேனாவை மூடிட்டார்னா பணம் நகராது! தலைவர் பதவிக்குத்தான் இட ஒதுக்கீடு, துணைத்தலைவருக்கு இல்லை. மீதியை நீங்களே யோசிச்சுக்குங்க. இந்த மாதிரி நேரத்துல கிராம சபையில நூறு பேர் எழுந்து “இந்தச் செலவுக்கு நாங்க ஒப்புதல் கொடுத்தாச்சு, ஏன் கையெழுத்து ஆகலை?”ன்னு கேட்டா, அந்தக் கேள்வி தீர்மானப் புத்தகத்துல ஏறும். ஏறினா அதிகாரிங்க பதில் சொல்லியாகணும்.

நடைமுறையில கூட்டம் எப்படி நடக்குதுன்னு நமக்குத் தெரியாதா என்ன? பல ஊர்ல பத்து மணிக்குக் கொடி ஏத்தி, மிட்டாய் கொடுத்து, பதினோரு மணிக்கு மரத்தடியில சேர் போட்டு, ஊராட்சிச் செயலர் கடகடன்னு வாசிப்பார். காதுல விழுறது “...ஒப்புதல் அளிக்கப்பட்டது” மட்டும்தான். அப்புறம் நோட்டு சுத்தி வரும், கையெழுத்து போடுவோம். சில ஊர்ல நோட்டு வீடு தேடியே வரும்! “என்னத்துக்குப்பா கையெழுத்து?”ன்னு அப்பத்தா கேட்டா, “சும்மா போடுங்காச்சி, கூட்டத்துக்கு”ன்னு பதில். நீங்க ஹாஸ்டல்ல தூங்கிட்டு இருக்கிறப்ப உங்க ஊர் பட்ஜெட் பாஸ் ஆகிற விதம் இதுதான்.

எட்டிப் பார்த்தா வெளிநாட்டுலயும் இதே கூத்து கொஞ்சம் உண்டு. அமெரிக்காவுல வெர்மான்ட்னு ஒரு சின்ன மாநிலம். மார்ச் மாசம் முதல் செவ்வாய்க்கிழமை ‘டவுன் மீட்டிங்’. ஊர்க்காரங்க ஹால்ல உட்கார்ந்து, ரோட்டுக்கு இவ்வளவு, பனி அள்ளுற வண்டிக்கு இவ்வளவுன்னு பட்ஜெட்டைப் பார்ப்பாங்க. யாரோ ஒரு விவசாயி எழுந்து “இந்தத் தொகையைக் குறைக்கணும்”னு திருத்தம் கொண்டு வரலாம், அதுக்கு ஓட்டெடுப்பும் நடக்கும். அங்கேயும் கூட்டம் குறையுதுன்னு புலம்பல்தான். பிரேசில்ல போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989-லயே தெருத்தெருவா மக்களைக் கூட்டி முதலீட்டுச் செலவை முடிவு பண்ண ஆரம்பிச்சது. பக்கத்து வீட்டு கேரளா 1996-ல் மக்கள் திட்டம்னு ஆரம்பிச்சு, மாநிலத் திட்டப் பணத்துல 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகள் கையில கொடுத்துச்சு. பணம் பெருசா வந்ததால அங்கே கூட்டமும் வந்துச்சு.

அவ்வளவு தூரம் எதுக்கு? குன்றக்குடியில 1970-கள்லயே அடிகளார் கிராமத் திட்டக்குழுன்னு ஒண்ணை உண்டாக்கி, காரைக்குடி செக்ரி விஞ்ஞானிகளையும் துணைக்குக் கூப்பிட்டு, இந்த ஊர்ல என்ன வளம் இருக்கு, யாருக்கு என்ன வேலை கொடுக்கலாம்னு ஊர்க்காரங்களோடவே உட்கார்ந்து திட்டம் போட்டார். கூட்டுறவும் சிறுதொழிலும் அப்படித்தான் வளர்ந்தது. மத்தவங்க வந்து பார்த்துட்டுப் போன மாதிரி கிராமம் அது. நமக்கு பஸ்ல போற தூரம்!

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பத்தியும் ஒரு வார்த்தை. குடவோலை, குடவோலைன்னு மேடைக்கு மேடை பெருமை பேசுவோம். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டுல எனக்கு முக்கியமாப் படுறது ஓலை இல்லை, இன்னொரு விதி. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி தேர்வாக முடியாது, அவரோட நெருங்கின சொந்தக்காரங்களும் முடியாது. இந்த விதியை இன்னிக்கு அமல்படுத்தினா எத்தனை நாற்காலி காலியாகும்னு கேன்டீன்ல விவாதிச்சுப் பாருங்க.

நாற்காலி காலின்னதும் ஞாபகம் வருது. நம்ம சிவகங்கை மாவட்டத்துல கடைசியா 2019 டிசம்பர்ல தேர்ந்தெடுத்த ஊராட்சிகளோட காலம் 2025 ஜனவரி 5-ம் தேதி முடிஞ்சது. தேர்தல் நடக்காததால பொறுப்பு தனி அலுவலர்கள் கைக்குப் போச்சு. இது புதுசில்லை. 2016 அக்டோபர்ல நடக்க வேண்டிய தேர்தலை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செஞ்சு, 2019 கடைசி வரைக்கும் தனி அலுவலர் ஆட்சிதான். தேர்ந்தெடுத்த ஊராட்சி இல்லைன்னு மத்திய நிதிக்குழு மானியத்தையும் அப்ப நிறுத்தி வெச்சாங்க. தலைவர் இல்லாத காலத்துல கணக்குக் கேட்க ஊருக்கு மிஞ்சுற ஒரே இடம் கிராம சபை. ஆனா, “தலைவரே இல்லை, அப்புறம் என்ன கூட்டம்?”னு மக்கள் ஒதுங்குறதும் அப்பதான்.

காரைக்குடி டவுன் பசங்க, “எங்களுக்கு?”ன்னு கேட்கலாம். 2024-ல் உங்க நகராட்சி மாநகராட்சி ஆச்சு, சுத்தியிருந்த ஊராட்சிகள் சிலதும் அதுல சேர்ந்துச்சு. சேர்ந்த அன்னிக்கே அங்கே கிராம சபை போச்சு! இனி பட்ஜெட்டை பாஸ் பண்றது மாமன்றம். நகரத்துக்குன்னு ‘ஏரியா சபை’ விதிகள் வந்து, 2022 நவம்பர் 1-ல் பம்மல்ல முதல்வரே உட்கார்ந்து தொடங்கி வெச்சார். அதுல கோரிக்கை வைக்கலாம், வரிசைப்படுத்தலாம். பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தர முடியாது. மாநகராட்சி ஆனா மதிப்பு கூடும்னு யார் சொன்னது?

கிராமத்துப் பசங்களுக்கு ஒரு சின்ன ரகசியம். செயலர்கிட்ட ‘படிவம் 30’னு கேளுங்க. ஊராட்சிப் பொது நிதியோட வரவு செலவு விவரம் அதுலதான் இருக்கும். அதோட சுருக்கத்தைக் கிராம சபை நடக்கிற இடத்துல பிளக்ஸ்ல எல்லார் கண்ணுக்கும் தெரியுற மாதிரி வைக்கணும். வெச்சிருந்தா, செல்போன்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க. போன கூட்டத்துப் போட்டோவையும் இதையும் பக்கத்துல வெச்சா, ஒரே மோட்டார் எத்தனை தடவை ரிப்பேர் ஆச்சுன்னு தெரிஞ்சிடும். ‘இ-கிராம் ஸ்வராஜ்’னு 2020-ல் தொடங்கின இணையதளத்துலயும் ஊர் பேரைப் போட்டுத் தேடலாம். உங்க ஊர்த் திட்டம், கொடுத்த பணம் எல்லாம் அங்கே ஏறும். எக்செல் தெரிஞ்ச காமர்ஸ் பசங்களுக்கு இது அரை மணி நேர வேலை.

எந்தக் கூட்டத்துல என்ன கேட்கிறதுன்னு நேரம் பார்த்துக் கேட்கணும். அடுத்த வருஷத் திட்டத்துக்கான வேலை அக்டோபர்லயே ஆரம்பிச்சுடும். ஊருணி தூர் வாரணும்னா அக்டோபர் 2 கூட்டத்துல சொல்லணும். மே மாசம் தண்ணி வத்தினப்புறம் சொன்னா, “அடுத்த வருஷம் பார்க்கலாம் தம்பி”தான். மே 1-ல் கேட்க வேண்டியது மார்ச்சோட முடிஞ்ச வருஷத்துக் கணக்கை. பேசினது தீர்மானப் புத்தகத்துல ஏறிச்சான்னு பார்த்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க. முன்னாடியே போட்டுட்டா, மேல என்ன எழுதினாலும் நீங்க ஒப்புக்கிட்டதா ஆயிடும்.

படிவம் 30 இல்லைன்னு சொன்னா? சண்டை வேண்டாம் பாஸ். 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் இருக்கு. வெள்ளைத்தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. 30 நாள்ல பதில் தரணும். அக்டோபர் 2 கூட்டத்துல இல்லைன்னா, மறுநாளே மனுவைக் கொடுத்துடுங்க. கெடு நவம்பர் 2-ல் முடியும், அடுத்த கூட்டமோ நவம்பர் 1. ஒரே ஒரு நாள் இடிக்குது... பரவாயில்லை, ஜனவரி 26-க்கு லீவு உண்டுல்ல?