முதல் நாள் அம்மாவுக்கும் உண்டு!

அறுவடை முடிந்து நெல்லும் விற்றாகி விட்டது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் டிக்கெட் அனுப்பி விட்டான். திருச்சியில் இரவு விமானம் ஏறினால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. விடிவதற்குள் அக்கரைச் சீமை!

மன்னார்குடிப் பக்கத்திலும் மாயவரம் பக்கத்திலும் இது இன்று அதிசயம் அல்ல. பாஸ்போர்ட் இல்லாத வீடு குறைந்து கொண்டே வருகிறது. அப்பாவும் அம்மாவும் ஜோடியாகப் போய், ஒரு மாதம் இருந்து விட்டு வருகிறார்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் போய் வந்த அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், சிங்கப்பூர் எப்படி இருந்தது என்று.

"நல்லாத்தான் இருந்துச்சு. பத்தாவது மாடி. காத்து நல்லா வரும்" என்பார்.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அந்த அம்மாள் பார்த்தது மகன் வீட்டுச் சமையல் அறை. பெட்டியில் இருந்து வடகத்தையும் மாவடுவையும் எடுத்து வைத்த கையோடு அடுப்புப் பக்கம் போனவர்தான். கடைசி வாரம் மகன் காரில் கூட்டிப் போய் நாலு இடத்தைக் காட்டினான். போட்டோ எடுத்தான். முடிந்தது!

அப்பா மட்டும் இரண்டாம் நாளே கீழே இறங்கி, கடைத் தெருவைப் பார்த்து விட்டு வந்து விடுகிறார். இது நியாயமா?

கப்பல் காலம்

இந்த அநியாயத்துக்கு வயது அதிகம். தஞ்சைச் சீமைக்காரர்களுக்குக் கடல் கடப்பது புதிது அல்ல. ராஜேந்திர சோழன் 1025-ல் கடாரத்துக்குக் கப்பல் படை அனுப்பினான். அந்த வெற்றியைத் தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டில் இன்றும் பார்க்கலாம். அது ராஜா கதை. குடியானவன் கதை நாகப்பட்டினம் துறைமுகத்தில் இருக்கிறது.

1926-ல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பலைப் பற்றிப் பெரியவர்களைக் கேளுங்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடிய கப்பல் அது. பயணம் ஏறக்குறைய ஒரு வாரம். அதற்குப் பிறகு 'சிதம்பரம்' கப்பல் வந்தது. 1985-ல் நடுக்கடலில் அது தீப்பிடித்தது. பல உயிர்கள் போயின. அதோடு அந்தப் பயணிக் கப்பல் போக்குவரத்தும் நின்று போனது.

அந்தக் கப்பல்களில் ஏறியவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கத்தில் அவர்களைச் 'சபுராளி' என்பார்கள். கல்யாணம் ஆன சில மாதத்தில் கப்பல் ஏறுவார். மூன்று, நாலு வருஷம் கழித்துப் பெட்டியோடு வருவார். மறுபடி போவார். மனைவிக்குக் கிடைத்தது கடிதமும் மணியார்டரும், எப்போதாவது ஒரு சேலையும்தான். கணவன் எந்தத் தெருவில் நடக்கிறான், எந்தக் கடையில் காப்பி குடிக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது.

அப்படிப்பட்ட மண்ணில் இருந்து இன்று ஒரு அம்மாள் கணவனோடு ஒரே விமானத்தில் போகிறாள். போன இடத்திலும் வீட்டுக்குள்ளேயே இருந்தால், பாட்டிக்கும் பேத்திக்கும் என்ன வித்தியாசம்?

எங்கே போவது?

முதல் நாளே போக வேண்டும். மகன் வரட்டும், லீவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காலையில் தூங்கி எழுந்து, கடிகாரத்தை 2 மணி 30 நிமிடம் முன்னால் தள்ளி வைத்துக் கொண்டு, வெயில் தாழ நாலு மணிக்குக் கிளம்பலாம். குடை கட்டாயம். அந்த ஊர் மழைக்கு ஐப்பசி, கார்த்திகை என்று கணக்கு இல்லை!

எல்லாரும் நேரே சிராங்கூன் ரோட்டுக்குத்தான் போகிறார்கள். மல்லிகைப் பூ, வாழை இலை, வீரமாகாளியம்மன் கோவில், தேக்கா மார்க்கெட். பார்க்க வேண்டியதுதான். ஆனால் பொழுதை முழுவதும் அங்கேயே கழித்து விட்டுத் திரும்பினால், தஞ்சாவூர் கீழவாசலைப் பார்க்க விமானம் ஏறிய கதைதான். அங்கே ஒரு காப்பி குடியுங்கள். பிறகு லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் நீல நிற வழி ரெயிலில் ஏறுங்கள். பூமிக்கு அடியில் ஓடும் ரெயில். டிரைவர் கிடையாது! ஆறாவது ஸ்டேஷன் தெலுக் ஆயர். ரெயில் மாற வேண்டியது இல்லை. விரல் விட்டு எண்ணிக் கொண்டே போய் இறங்கி விடலாம்.

தெலுக் ஆயர் தெரு, ஒரு காலத்தில் கடற்கரை. பிறகுதான் கடலைத் தூர்த்து நிலம் ஆக்கினார்கள். கப்பலில் வந்தவர்கள் அங்கேதான் கரை ஏறினார்கள். உயிரோடு வந்து சேர்ந்தோமே என்று சாமிக்கு நன்றி சொல்ல அந்தத் தெருவிலேயே இடம் கட்டிக் கொண்டார்கள். சீனர்கள் கடல் தாய்க்குக் கோவில் கட்டினார்கள். தமிழ் முஸ்லிம்கள் என்ன கட்டினார்கள் தெரியுமா? நாகூர் தர்கா!

ஆமாம். நம் நாகூர் ஆண்டவர் நினைவாக 1828-க்கும் 1830-க்கும் இடையில் எழும்பிய கட்டிடம். இன்று அது இந்திய முஸ்லிம்களின் வரலாற்றைச் சொல்லும் காட்சிக்கூடம். நாகூரில் பெரிய மனோராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் என்பது ஊர் அறிந்த செய்தி. கந்தூரிக்கு எல்லா மதத்தாரும் போகிற இடம் அது. அந்தப் பெயரைக் கடல் தாண்டி ஒரு தெருவில் பார்க்கும்போது, தஞ்சாவூர்க்காரிக்கு உடம்பு சிலிர்க்காமல் இருக்குமா?

அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவில் நடக்கிற தூரம்தான். 1819-ல் ராபிள்சுடன் பினாங்கில் இருந்து வந்த நாராயண பிள்ளை, 1827-ல் நிறுவிய கோவில். சுற்றிலும் சீனர் கடைகள், நடுவில் நம் கோபுரம்! நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்துக் கைவண்ணம் அதில் உண்டு என்பார்கள். மாலையில் நடை திறந்திருக்கும்போது போய்ச் சேர்ந்தால், கும்பிட்டு விட்டு வீடு திரும்பச் சரியாக இருக்கும்.

கையில் என்ன இருக்கிறது?

இங்கேதான் முக்கியமான விஷயம். ஜோடியாகப் போனால் போதாது. பணம், போன், வீட்டு விலாசம் எல்லாம் அப்பா சட்டைப் பையில் இருக்கிறது. அம்மா கையில் ஒரு மஞ்சள் பை, தண்ணீர் பாட்டில்! ரெயில் கதவு மூடுவதற்குள் அவர் ஏறி, இவர் ஏறாமல் நின்று விட்டால் என்ன கதி?

ஆகவே பயண அட்டை ஆளுக்கு ஒன்று. விலாசச் சீட்டும் ஆளுக்கு ஒன்று. அம்மாவின் சீட்டை அம்மாவே எழுத வேண்டும். தமிழில் ஒரு வரி, மகனைக் கேட்டு இங்கிலீஷில் ஒரு வரி. கோணல் எழுத்தானாலும் பரவாயில்லை. மகன் போன் நம்பர், போலீஸ் நம்பர் 999, இரண்டும் அதிலேயே இருக்கட்டும்.

"எனக்குப் படிப்பு அவ்வளவா வராதுங்களே" என்று தயங்குகிற அம்மாவிடம் ஒரு சிங்கப்பூர்க் காசைக் கொடுங்கள். அதில் 'சிங்கப்பூர்' என்று தமிழில் பொறித்திருக்கிறது. ரூபாய் நோட்டு மாதிரி அவர்கள் அச்சடிக்கும் வெள்ளி நோட்டிலும் தமிழ் உண்டு. அந்த நாட்டின் நாலு ஆட்சி மொழிகளில் தமிழும் ஒன்று. அபாய எச்சரிக்கைப் பலகையிலும் தமிழைப் பார்க்கலாம். திருவாரூரில் பிறந்த கோ. சாரங்கபாணி 1924-ல் அந்த ஊருக்குப் போய், 1935-ல் தொடங்கிய 'தமிழ் முரசு' இன்றும் வருகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவருக்குக் கூட அந்த ஊர் முழு அந்நியம் அல்ல. முதியோர் கல்வியில் 'அ, ஆ' கற்றவர், அந்தக் காசை விரலால் தடவிப் பார்த்துப் பெயரைப் படிக்கும் சுகம் பட்டதாரிக்குத் தெரியாது!

அப்பாமாருக்கும் ஒரு வார்த்தை உண்டு. எதைப் பார்த்தாலும் ரூபாயில் கணக்குப் போடாதீர்கள். ஒரு வெள்ளி என்றால் 60 ரூபாய்க்கு மேல். "ஒரு காப்பி நூறு ரூவாயா? வேணாம், வீட்டுல போயிக் குடிச்சுக்கலாம்" என்று ஆரம்பித்தால் அம்மாவுக்கு எதையுமே கேட்க வாய் வராது. முதல் நாளுக்கு என்று இருபது வெள்ளி ஒதுக்கி, பாதியை அம்மா கையில் கொடுத்து விடுங்கள். அவர் அதற்கு வளையல் வாங்கினாலும் சரி, ஐஸ் வாங்கினாலும் சரி, கணக்குக் கேட்கக் கூடாது.

இன்னொன்று. அங்கே பொதுச் சாப்பாட்டுக் கடைகளில் சாப்பிட்ட தட்டை அவரவரே எடுத்துக் கொண்டு போய் வைக்க வேண்டும். 2021 முதல் இது சட்டம். சொல்லியும் கேட்காமல் மறுபடி செய்தால் அபராதம். வீட்டில் சாப்பிட்ட இலையைக் கூட எடுக்காத மிராசுதார் ஐயாமார், தட்டைத் தூக்கிக் கொண்டு வரிசையில் போவதை அம்மாமார் பார்க்க வேண்டாமா? இந்த ஒரு காட்சிக்கே விமான டிக்கெட் கொடுக்கலாம்!

தொலைந்து போனால்?

மகன்கள் சொல்லும் காரணம் இதுதான். "அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. வழி தவறினால் என்ன செய்வது?" கவலை நியாயமானது. ஆனால் திருவையாற்றில் ஆராதனைக் கூட்டத்திலும், கும்பகோணத்தில் மாமகக் கூட்டத்திலும் குழந்தைகளை இடுப்பில் வைத்துக் கொண்டு வழி தவறாமல் திரும்பியவள் அந்த அம்மாள். நடவு ஆட்கள் இருபது பேரை வைத்து வேலை வாங்கியவள். ஆறு ஸ்டேஷன் எண்ணத் தெரியாதா?

மருமகளுக்குப் பிரசவம் பார்க்கப் போகும் அம்மாமார் பாடு இன்னும் மோசம். குழந்தை, வெந்நீர், பத்தியச் சமையல் என்று மாதம் ஓடி விடும். வேலை இருக்கிறது, யார் இல்லை என்றது? குழந்தை பிறந்த பிறகு நகர முடியாது என்பதால்தான் முதல் நாள் முக்கியம். பத்து நாள் முன்னதாக டிக்கெட் போட்டால் காரியம் முடிந்தது.

டிக்கெட் அனுப்பும் மகன் அதோடு ஒரு தாளையும் அனுப்பலாம். வீட்டில் இருந்து ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், திரும்பி வரும்போது எந்தக் கடையை அடையாளம் வைத்துக் கொள்ள வேண்டும் என்று தமிழில், பெரிய எழுத்தில், படம் போட்டு. மேலே அம்மாவின் பெயரை எழுதி.