முள் இல்லாத பெட்டி

கொரட்டூர் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில், தெரிந்தவர் வீட்டு ஷோகேஸில் ஒரு கார்வான் பார்த்தேன். தோற்றம் அந்தக்கால ரேடியோ. சரிகம நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த டிஜிட்டல் பெட்டி. உள்ளே 5,000 பாட்டு. குமிழைத் திருகினால் பாடகர், இசையமைப்பாளர் பெயர்கள் வருகின்றன. வால்வு ரேடியோக்களின் கண்ணாடியிலோ ஊர்ப் பெயர்கள் இருந்தன. சிற்றலை இரைச்சலுக்குள் முள்ளை நகர்த்தி இலங்கை வானொலியைப் பிடிப்பதே ஒரு கலை. அடுத்த பாட்டு என்னவென்பது அறிவிப்பாளருக்கே வெளிச்சம். கார்வானில் எல்லாம் நமக்குப் பிடித்த பாட்டுகள்தான். எதிர்பாராத பாட்டுக்கு இடமில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. பெட்டியில் பண்பலையும் உண்டு. வாங்கியவர்கள் அந்தப் பொத்தானையும் அவ்வப்போது அழுத்துங்கள்.