பள்ளிப் படிப்பை முடித்தோர் எவ்வழிச் செல்வது?



ஆண்டுதோறும் மேத் திங்கள் வந்துவிட்டால் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரே பேச்சுத்தான். பத்தாம் வகுப்பை முடித்த பிள்ளை எந்தப் பிரிவில் சேர்வது? பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளை எந்தக் கல்லூரிக்குச் செல்வது? அப்பேச்சு, பிள்ளையின் நாட்டம் எது, திறன் எது என்பது பற்றியதாக இருக்குமானால் நாம் மகிழலாம். ஆனால், எதிர்வீட்டுப் பிள்ளை எங்குச் சேர்ந்தது, மாமன் மகன் திங்களுக்கு எவ்வளவு ஈட்டுகிறான், எந்தப் படிப்பின் பெயரைச் சொன்னால் உறவினர் வாய் பிளப்பர் என்பவையே அங்கு அளவுகோல்களாக இருக்கின்றன. ஓர் எருதை வாங்குவதற்குப் பல்லைப் பிடித்துப் பார்த்துச் சுழி பார்த்து, ஏரில் பூட்டி ஓர் அடி நடத்தியும் பார்த்து வாங்கிய உழவர் வழிவந்தவர்கள் நாம். பெற்ற பிள்ளையின் ஐம்பதாண்டு வாழ்க்கையையோ ஐந்து நாள் பரபரப்பில் முடிவு செய்துவிடுகின்றோம்!

முதலில், பதினோராம் வகுப்பில் நிகழும் ஒரு கேட்டைச் சொல்லியாக வேண்டும். பத்தாம் வகுப்பு வரை தமிழை ஒரு பாடமாகக் கற்றே தீர வேண்டும் என்று தமிழ்நாட்டரசு 2006ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின் கை பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றது. பதினோராம் வகுப்பில் தமிழை விடுத்துப் பிரெஞ்சையோ சமற்கிருதத்தையோ மொழிப்பாடமாக எடுத்துக்கொள்வதற்குத் தடையில்லை. தனியார் பள்ளிகள் பலவற்றில் இதைப் பள்ளி நடத்துவோரே தூண்டுகின்றனர். "தமிழில் எழுதி எழுதிக் கை ஒடிந்தாலும் முழு மதிப்பெண் வாராது, பிரெஞ்சில் எளிதாக வரும்" என்பது அவர்கள் சொல்லும் கரணியம். பெற்றோரும் அதை நம்பித் தலையாட்டுகின்றனர்.

அம்மதிப்பெண்ணால் யாருக்கு ஊதியம் என்று ஒரு நொடி எண்ணிப் பாருங்கள். பொறியியற் சேர்க்கைக்கான தரவரிசை எவ்வாறு கணக்கிடப்பெறுகின்றது? கணக்கிற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. ஆகக் கூடுதல் 200. மொழிப்பாடத்திற்கு அதில் ஒற்றை மதிப்பெண்ணும் இல்லை. மருத்துவத்திற்கோ 2017 முதல் 'நீட்' என்னும் நுழைவுத்தேர்வே அளவை. பள்ளித் தேர்வில் குறைந்த அளவு தகுதி பெற்றிருந்தால் அங்குப் போதும். அதுவும் அறிவியற் பாடங்களில். அரசு கலைக் கல்லூரிகளிலும் மொழி இலக்கியப் படிப்பில் சேர்வார்க்கே மொழிப்பாட மதிப்பெண் கணக்கில் வருகின்றது. அங்ஙனமாயின், தாய்மொழியைக் கைகழுவிப் பெற்ற அந்த ஐந்தாறு மதிப்பெண் எங்கே போய்ச் சேர்கின்றது? பள்ளி வாயிலில் கட்டும் விளம்பரத் துணியில்தான்! 600க்கு 590 என்று பெரிய எழுத்தில் எழுதிக்கொள்வதற்காக ஒரு பள்ளி கேட்கின்றது. நாமும் பிள்ளையின் தமிழை எடுத்துக் கொடுக்கின்றோம். பண்டமாற்றில் இவ்வளவு ஏமாறியவர் உலகில் வேறு யாரும் இலர்.

அடுத்து, மருத்துவம் அல்லது பொறியியல் என்னும் இரட்டை மயக்கம். பொறியியலுக்கான நுழைவுத்தேர்வைத் தமிழ்நாடு 2007இல் ஒழித்தது. சிற்றூர்ப் பிள்ளைகள் பொறியியற் கல்லூரிக்குள் நுழைவதற்கு அது பெரிதும் துணை நின்றது. அது நன்று. ஆனால், கதவு திறந்திருக்கின்றது என்பதற்காகவே எல்லாரும் அவ்வறைக்குள் சென்று அடைவது அறிவுடைமையாகாது. கணக்கில் ஈடுபாடே இல்லாத பிள்ளையை நான்காண்டு பொறியியலில் தள்ளி, கடனுக்கு வட்டியும் கட்டி, இறுதியில் அப்படிப்பிற்குத் தொடர்பே இல்லாத ஒரு வேலையில் அமர்ந்திருப்பதைக் கண்டு மனம் வெதும்பும் பெற்றோர் எத்தனை பேர்! மருத்துவத்தின் நிலையோ இன்னும் கொடிது. 'நீட்' தேர்வினின்று விலக்குக் கேட்டுத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2017இலும் 2021இலும் சட்ட வரைவுகளை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் இசைவு கிட்டவில்லை. அதனால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள், பெரும்பணம் கட்டிப் பயிற்சிக் கூடங்களில் ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டென்று கிடந்து அத்தேர்வையே திரும்பத் திரும்ப எழுதுகின்றனர். கல்வியை மாநிலமே ஆள வேண்டும் என்னும் போராட்டம் தொடரத்தான் வேண்டும். அதற்காக ஒரு தேர்வின் முடிவில் தம் உயிரையும் வாழ்வையும் கட்டித் தொங்கவிட வேண்டா என்று நம் பிள்ளைகளுக்கு நாம் வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவர் தாயும் தந்தையுமே. பயிற்சிக் கூடத்தார் சொல்லமாட்டார்.

இங்குப் பலர் அறியாத ஒன்றையும் குறிக்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டு இடம் 2020இல் ஒதுக்கப்பெற்றது. 2021இல் பொறியியல், வேளாண்மை, மீன்வளம், கால்நடை மருத்துவம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அது விரிக்கப்பெற்றது. பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் நன்கு படித்த பிள்ளையை, "இனித் தனியார் பள்ளியில் ஆங்கில வழியில் சேர்த்தாற்றான் முன்னேறும்" என்று நகையை அடகு வைத்து இடம் மாற்றுகின்ற தந்தை, அந்த ஈராண்டில் கட்டணத்தை மட்டும் இழக்கவில்லை; இவ்வொதுக்கீட்டு உரிமையையும் சேர்த்தே இழக்கின்றார். இதை அவரிடம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

கைத்தொழிற் கல்வியைப் பற்றியும் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பெற்றபொழுது, தொழிற்கல்விப் பிரிவும் உடன் வைக்கப்பெற்றது. கல்லூரிக்குச் செல்லாதாரும் கையில் ஒரு தொழிலோடு வெளிவர வேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கம் நன்று, நாம் அதை என்ன செய்தோம்? மதிப்பெண் குறைந்தவர்களைக் கொண்டுபோய்க் கொட்டும் இடமாக அதை ஆக்கினோம். தொழிற்பயிற்சி நிலையத்தில் படிப்பவன் என்றால் பெண் கொடுக்கத் தயங்குகின்றோம். பொருத்துநன், கடைசற்காரன், மின்பணியாளன், பற்றவைப்போன் என்போர் இல்லாமல் ஒரு தொழிற்சாலை ஒரு நாள் ஓடுமா? ஆதிச்சநல்லூரிலும் சிவகளையிலும் மண்ணைத் தோண்டி இரும்புக் கருவிகளை எடுத்துவிட்டு, உலகிற்கு இரும்பைத் தந்த இனம் என்று மேடையில் மார்தட்டுகின்றோம். அவ்விரும்பை உருக்கியவன் கொல்லன் என்பதையும், அவன் கொல்லுலையில் நின்றவன் என்பதையும் மேடையை விட்டு இறங்கியவுடன் மறந்துவிடுகின்றோம்! கையால் உழைப்பவனைத் தாழ்த்திய சாதி நோய்தான், இன்று படிப்பின் பெயரால் வேறு சட்டை போட்டுக்கொண்டு நம் வீட்டிற்குள் உட்கார்ந்திருக்கின்றது.

அவ்வழி முட்டுச் சந்துமன்று. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை பலவகைத் தொழில்நுட்பக் கல்லூரியில் மூன்றாண்டில் பட்டயம் பெறலாம். பன்னிரண்டாம் வகுப்பில் உரிய பாடங்களைப் படித்தோரும் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஈராண்டுப் பயிற்சி முடித்தோரும் அதில் நேரே இரண்டாமாண்டிலேயே சேரலாம். பட்டயம் பெற்றவன் விரும்பினால் பொறியியற் பட்டப்படிப்பின் இரண்டாமாண்டில் சேரலாம். ஏணியின் படிகளில் ஏறி வருகின்ற அவன், கூரையிலிருந்து இறக்கிவிடப்பெற்ற பலரினும் வேலையை நன்கறிந்தவனாக இருப்பதைத் தொழிற்கூடத்தாரே சொல்வர்.

இனிப் பயிற்றுமொழி. உயர்கல்வி தமிழில் இயலாது என்பார்க்கு யாழ்ப்பாணம் என்றோ விடை சொல்லிவிட்டது. 1847இல் அங்கு வந்த சாமுவேல் பிசுகு கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், மானிப்பாயில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறும் மகப்பேறும் அறுவை மருத்துவமும் வேதியியலும் தமிழ் நூல்களாயின. (அந்நூல்களில் வடசொற் கலப்பு மிகுதி என்பது வேறு, அயலவர் ஒருவர் துணிந்ததை நாம் துணியவில்லை என்பதே இங்குப் பேச்சு.) தமிழ்நாட்டில் 1960இல் கோவையில் கல்லூரிப் படிப்பைத் தமிழில் நடத்தும் முயற்சி தொடங்கியது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2023இல் அப்பல்கலைக்கழகமே, மாணவர் சேர்க்கை குறைவு என்று கூறித் தன் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அவ்வகுப்புகளை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பெழுந்த பின் அவ்வறிவிப்பைக் கைவிட்டது. அரசைக் கடிவது எளிது. அவ்விருக்கைகள் வெறுமையாகக் கிடந்ததற்கு நம்மவரும் பொறுப்பாளரல்லரா? தமிழுக்காக ஊர்வலம் சென்றவர்களுள் எத்தனை பேர் தம் பிள்ளையை அவ்வகுப்பிற்கு விடுத்தனர்?

ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்றலை நாம் ஒருபோதும் மறுத்ததில்லை; கற்கத்தான் வேண்டும், செவ்வையாகவே கற்க வேண்டும். பொருளை விளங்கிக்கொள்ள வேண்டிய வகுப்பறையில் மொழியோடு மல்லுக்கட்டுவதைத்தான் வேண்டா என்கின்றோம். ஆங்கில வழியில் பட்டம் பெற்றும், ஆங்கிலத்தில் ஒரு மடல் எழுத இயலாமலும் தமிழில் ஒரு பத்தி எழுத இயலாமலும் நிற்கின்ற இளைஞர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

தமிழிலக்கியம் படிக்க விரும்பும் பிள்ளையைத் தடுப்போர்க்கும் ஒரு சொல். மொழிஞாயிறு பாவாணர் இயக்குநராக அமரச் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் 1974இல் தொடங்கியது. 1981இல் அவர் மறைந்தார். அவர் விட்ட இடத்தினின்று சொல்லாய்வைத் தொடர்வதற்குத் தகுதியுடையோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். மைசூரில் கிடந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர 2021இல் உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. வந்தால் மட்டும் போதுமா? படித்துப் பதிப்பிக்கும் கல்வெட்டறிஞர் வேண்டாவா? தமிழ்த் தொண்டு என்பது இலக்கியம் படிப்பதோடு முடிவதுமில்லை. கீழடியில் கிடைத்த கரித்துண்டுகளின் காலத்தைக் கணிப்பதற்கு அமெரிக்க ஆய்வகத்திற்கு விடுக்க வேண்டியிருந்தது. நம் தொன்மையை நாமே அளந்து சொல்ல இயற்பியலும் வேதியியலும் கற்ற தமிழர் வேண்டும். அவற்றை வரலாற்றோடு சேர்த்துக் கற்றவர் வேண்டும். இயற்பியலில் நாட்டமுள்ள பிள்ளையைத் தமிழின் பெயரால் இலக்கிய வகுப்பிற்கு இழுப்பதும் பிழையே.

நிறைவாக, தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் கருத்தில் வைக்க வேண்டிய செய்தி ஒன்று. தமிழ்வழியில் பயின்றோர்க்குத் தமிழ்நாட்டரசுப் பணிகளில் 20 விழுக்காட்டு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010இல் வந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தப்படி, பட்டத்தைத் தகுதியாகக் கொண்ட பணிக்குப் பட்டப்படிப்பை மட்டும் தமிழில் முடித்தால் போதாது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஆகிய கீழ்ப்படிகளையும் தமிழ்வழியிலேயே முடித்திருக்க வேண்டும். இடையில் ஒரு படியில் ஆங்கில வழிக்குத் தாவினாலும் உரிமை போய்விடும். பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழில் முடித்த பிள்ளை, அரசு கலைக் கல்லூரிகளில் வரலாறு, கணக்கு முதலிய பட்டப்படிப்புகளையும் தமிழ்வழியில் தொடரலாம் என்பதை அறியாமலேயே ஆங்கில வழியில் போய் அமர்ந்துவிடுவது ஆண்டுதோறும் நடக்கின்றது. தமிழ்வழியில் படித்தமைக்கான சான்றை அந்தந்தக் கல்வி நிலையத் தலைவரே தருவர். ஒவ்வொரு படி முடிந்ததும் மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றே அதையும் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நம் இதழைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்கள், மதிப்பெண் பட்டியல் வழங்கும் நாளில் தம் பள்ளி வாயிலில் ஒரு மணி நேரம் நின்று, வருகின்ற பெற்றோரிடம் இதைச் சொல்லி விடுக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.